சோடியத்தின் சால்வை

தவமலர் இறந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கூப்பிய கைகளும் பூக்களுமாகத் திரை நிறைந்திருந்தது. விரலால் தள்ளித் தள்ளி மேலே போய்த்தான் யாருக்கு என்று கண்டுபிடித்தேன். அவள் நோயில் கிடந்தது சிட்னியில் எங்கள் பிளாக்டவுன் பகுதியில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் அதே பாதிப் பேருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் முப்பத்தோராம் நாளன்று, இறந்தவரைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதிய சிறு புத்தகம் ஒன்றை வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அதற்கு எழுதித் தரும்படி அவள் கணவர் சிறியண்ணன் கேட்டார்.

"எனக்கு அவ மேல கோபம் இருக்கு அண்ணா. நல்லதா மட்டும் எழுத எனக்கு வராது."

"தெரியும் தங்கச்சி. நீங்கள் எழுதிறதை அப்பிடியே போடுவன். ஒரு சொல்லும் வெட்டமாட்டன்."

ஆகவே, தவமலரை அறிந்தவர்களே, இது வெட்டப்படாத கட்டுரை. 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ போல இருந்தது. அவள் என்றே எழுதுகிறேன்.

ஹோம்புஷில் ஒரு சின்ன மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் சேர்ந்து வேதியியல் வகுப்பு நடத்தினோம். நான் திருச்சிக்காரி, எலக்ட்ரான் என்பேன். அவள் இலத்திரன் என்பாள். எனக்குச் சகப்பிணைப்பு, அவளுக்குப் பங்கீட்டு வலுப்பிணைப்பு. பிள்ளைகள் இரண்டையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள். அணுக்கள் எப்படிப் பிணைகின்றன என்ற பாடத்தை மட்டும் கரும்பலகையில் நடத்துவதில்லை. நடித்துக் காட்டுவோம். நான் சோடியம், அவள் குளோரின். என்னிடம் ஒரு சிவப்புச் சால்வை, அவளிடம் ஒரு நீலச் சால்வை. சால்வைதான் எலக்ட்ரான். சோடியத்தின் வெளிக்கூட்டில் இருப்பதே ஒன்று. அது போனால் நிம்மதி. குளோரினுக்கு ஏழு இருக்கிறது, இன்னும் ஒன்று கிடைத்தால் எட்டு நிறையும். என் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போடுவேன். போட்ட கையோடு அவள் பக்கம் இழுபட்டுப் போவேன்.

"குடுத்துப்போட்டு ஏனப்பா கிட்ட வாறீர்?" என்று பிள்ளைகளுக்குக் கேட்கும்படி கத்துவாள்.

"எலக்ட்ரானைக் குடுத்ததால இப்ப நான் பிளஸ். வாங்கினதால நீ மைனஸ். எங்க போறது?" என்பேன்.

அது அயனிப் பிணைப்பு. அடுத்து சகப்பிணைப்பு. இப்போது இருவருமே குளோரின். இருவருக்குமே ஒன்று குறைகிறது, யாரும் யாருக்கும் கொடுக்கிற நிலையில் இல்லை. அவரவர் சால்வையை எடுத்து, நுனியோடு நுனி முடிந்து, இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வோம். "மிஸ், திஸ் இஸ் ஸோ க்ரிஞ்ச்" என்று பின்வரிசை தலையில் அடித்துக்கொள்ளும். தவமலர் அசையமாட்டாள். "இது ரெண்டு பேரின்ரையும். ஒராள் விட்டா ரெண்டு பேருக்கும் குளிரும்" என்பாள். ஜூலை மாதத்தில் ஹீட்டர் வேலை செய்யாத மண்டபம் அது. பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும்.

இந்தப் பாடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை இருந்தது. சோடியமும் குளோரினும் ஜோடி சேர்ந்தன, சுபம் என்று நான் முடிப்பேன். அவளுக்கு அது பிடிக்காது. "உப்பிலை சோடி எண்டு ஒண்டும் இல்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுத்தியும் ஆறு குளோரைட்டு நிக்கும், ஒவ்வொரு குளோரைட்டைச் சுத்தியும் ஆறு சோடியம். ஆர் ஆருக்குக் குடுத்தது எண்டு உப்புக்குத் தெரியாது. நீர் கலியாணக் கதை சொல்லிறீர்." முழு வகுப்பையும் எழுப்பி மாற்றி மாற்றி நிறுத்தி உப்புப் படிகம் கட்ட வேண்டும் என்பாள். இடம் போதாது என்று நான் மறுப்பேன். வகுப்பு முடிந்து தோசைக் கடையிலும் இதே வாக்குவாதம்தான். எனக்கு இந்த ஊரில் அப்படிச் சண்டை போட வேறு ஆள் இருந்ததில்லை.

ஒரு விடுமுறைக்கு முன்பு, துவைத்துக் கொண்டுவருகிறேன் என்று இரண்டு சால்வைகளையும் முடிச்சோடு அள்ளிக்கொண்டு போனாள். போய்விட்டு வருகிறேன் என்பதை அவள் வழக்கில் "போட்டு வாறன்" என்றாள். விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை அவளும் வரவில்லை, பாதிப் பிள்ளைகளும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. மகனை விட வந்த ஒரு தாய்தான் சொன்னார். "தவமலர் ரீச்சர் உங்களுக்குச் சொல்லேல்லையே? அவ இப்ப வேறை சென்டரிலை எல்லோ படிப்பிக்கிறா."

அன்றைக்குப் பிணைப்புப் பாடம். வந்திருந்த பிள்ளைகள் காத்திருந்தார்கள். உப்பை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். பங்கிட ஆள் வேண்டுமே! என் கோட்டைக் கழற்றி, ஒரு கையை என் தோளிலும் மறு கையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகிலும் போட்டுக்கொண்டு நின்றேன். "மிஸ், இஸ் த சேர் க்ளோரின்?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாற்காலியின் குளிர் இன்னும் என் தோளில் இருக்கிறது.

அதோடு விட்டிருந்தால்கூட ஆறியிருப்பேன். கொஞ்ச நாளில் அந்த சென்டர்காரர்கள் ஒரு வீடியோ போட்டார்கள். தவமலர் நிற்கிறாள். பக்கத்தில் யாரோ ஒரு பெண், சோடியமாக. அந்தப் பெண்ணின் தோளில் என் சிவப்புச் சால்வை. அதே கத்தல், அதே முடிச்சு, அதே "ஒராள் விட்டா ரெண்டு பேருக்கும் குளிரும்". இடம் தாராளமாக இருந்தது, பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி உப்புப் படிகமும் கட்டினாள். நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். முடிவில் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "முந்தி என்னோடை படிப்பிச்ச ஒராள் இதைக் கலியாணக் கதையாச் சொல்லுவா. அது பிழை."

ஒராள். எனக்குப் பெயர் இல்லையா?

ஒரே ஒரு முறை நேரில் கேட்டேன். அதே தோசைக் கடைக்கு, யாரையோ பார்க்க வந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏன் தவம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

தண்ணீர் தம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "சொல்லியிருந்தா நீர் அழுதிருப்பீர். நீர் அழுதா நான் நிண்டிருப்பன். அதுதான் சொல்லேல்லை."

இதைக் கேட்கிறவர்கள் எல்லாம், பார், எவ்வளவு பாசம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை அழவிடாமல் போனவள், நாற்காலியோடு நிற்க விட்டுத்தானே போனாள்? நான் எழுந்து வந்துவிட்டேன். பிறகு அவளைப் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது. சாகும்போதும் சொல்லாமலே போனாள்.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதியிருந்தபோது சிறியண்ணனைப் பார்க்கப் போனேன். அறைக்குள் போய் இரண்டு சால்வைகளைக் கொண்டுவந்தார். நுனியோடு நுனி முடிந்தபடியே இருந்தன. கடைசி மாதங்களில் குளிர் தாங்காமல் இதைத்தான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாளாம். அவிழ்த்துத் தனித்தனியாகத் துவைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, "வேண்டாம், அப்பிடியே கிடக்கட்டும்" என்றாளாம்.

"எது தங்கச்சி உங்கடை?"

"ரெண்டும்" என்றேன்.

அவர் தடுக்கவில்லை. கொடுத்துக் கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, இரண்டையும் நான் எடுத்துக்கொண்டதைக் கேட்டால் அவளுக்கு எவ்வளவு கோபம் வரும் என்று நினைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

நான் அவளை மன்னிக்கவில்லை. சிறியண்ணன் இந்த வரியையும் வெட்டமாட்டார் என்று நம்புகிறேன். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இந்தச் சால்வைகளும் அந்த உப்பும். இந்தச் சனிக்கிழமை மீண்டும் பிணைப்புப் பாடம். நாற்காலிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, பிள்ளைகளை எழுப்பி, அவள் சொன்னபடியே நிறுத்தப்போகிறேன். உப்பில் ஜோடி கிடையாது, யார் யாருக்குக் கொடுத்தது என்று உப்புக்குத் தெரியாது என்று சொல்லப்போகிறேன். இதை யார் சொன்னது மிஸ் என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். ஒராள் என்று சொல்லமாட்டேன். தவமலர் சொன்னாள் என்று சொல்வேன்.