தடை நீங்க ஒரு தேங்காய்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில், பிள்ளையார் முன்னால் நான் ஓங்கி எறிந்த தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. ஒரு சில்லு தொட்டியைத் தாண்டித் தெறித்து மச்சானின் கணுக்காலில் பட்டது. அவர் என் மனைவியின் அண்ணன், பஸ் ஓட்டுநர். "தடை ஒடைஞ்சிருச்சு மச்சான்!" என்றேன். காலைத் தடவிக்கொண்டே, "ஒடைஞ்சது தேங்காதான் மாப்ள" என்றார்.

என் மகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அங்கே வசதிகள் போதாது, இந்த ஆண்டு யாரையும் சேர்க்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டிருந்தது. "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்" என்றார்கள் கல்லூரிக்காரர்கள் போனில். தடையைப் பற்றி மகளிடம் நான் சொல்லவில்லை. செம்பவாங்கில் கப்பலுக்கு வெல்டிங் வைக்கிறவன் நான். தடை என்றால் எனக்குத் தெரிந்தது கல்யாணத் தடை, தொழில் தடை. எல்லாம் பிள்ளையார் பொறுப்பு என்று நம்புகிறவன். "இது ஜட்ஜு போட்ட தடை. செவப்பு விளக்குல தேங்கா ஒடைச்சா பச்சை விழுந்துருமா லா?" என்று கேட்டார் மச்சான். "உங்க பையன் டாக்டருக்குப் படிக்கலைன்னு வயித்தெரிச்சல்" என்று அவர் தங்கை எதிரிலேயே சொன்னேன்.

மகள் போய்ச் சேர்ந்தாள். நான் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். ஆண்டு முடிவதற்குள் தீர்ப்பு வந்தது. உத்தரவை மீறிய கல்லூரிக்கு அபராதம். சேர்த்த பிள்ளைகளின் சேர்க்கை செல்லாது. கல்லூரி அபராதத்தோடு தப்பித்தது. என் பிள்ளை பெட்டியோடு திரும்பி வந்தாள்.

விமான நிலையத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மச்சான்தான் பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்டியாம்மா?" என்றார். டாக்சியில் அவள் கேட்டாள்: "மாமா, கோர்ட் ஆர்டர் இருந்தது அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?" "ஒங்கப்பனுக்கு எங்கேம்மா அதெல்லாம் புரியப்போவுது" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. என் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்ன மனிதர், எனக்காகப் பொய் சொன்னார். அதன் பிறகு எத்தனை அபிஷேகம் பார்த்தும் அந்த ஒரு வாக்கியம் என்னைவிட்டுக் கரைந்து போகவில்லை.

மச்சான் இப்போது இல்லை. மகள் பொங்கோலில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். போன வெள்ளிக்கிழமை அவளோடு அதே பிள்ளையார் முன்னால் நின்றேன், கையில் தேங்காய். என்ன கேட்டு உடைப்பது என்று தெரியவில்லை. "அன்னிக்கு மாமா பொய் சொன்னாரும்மா" என்றேன்.

"தெரியும்ப்பா. ஒடைங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க."

மச்சான் அன்று நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே எறிந்தேன். தேங்காய் உடையாமல் உருண்டது.