ஃபிலோமேன் அராவிய குழல்

புகைக்கிற சுங்கான்களுக்குப் பேர்போன சென்-குளோத் ஊரில் மெர்மே வீட்டு ஆண்கள் எல்லாரும் கிண்ணம் கடைகிறவர்கள். வேர்க்கட்டையைக் கடைசலில் மாட்டி, புகையிலை போடும் கிண்ணமாக்கிவிட்டால் சுங்கான் முடிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தாள் லூசெத். பாலேற்றும் வண்டி ஓட்டிய லான்சோனின் நடு மகள். அவள் வேலை பார்த்தது வாய்க்குழல் பட்டறையில். கந்தகம் சேர்த்து இறுக்கிய கறுப்பு ரப்பரை, எபோனைட்டை, அராவி வளைத்து மெருகேற்றுகிற பெண்கள் வரிசையில் ஜன்னலோரம் அவள் இடம். சோப்பு எத்தனை போட்டாலும் விரல் நுனிக் கறுப்பு போகாது. கல்யாணத்தன்று மோதிரம் போட்ட கையே அப்படித்தான் இருந்தது.

"கிண்ணம்தான் சுங்கான். குழல் வெறும் வைக்கோல்" என்பார் மாமனார் செலஸ்தேன், சாப்பாட்டு மேஜையில், வாரம் தவறாமல்.

"அப்போ வைக்கோல் இல்லாம கிண்ணத்த நக்கிப் பாருங்க மாமா" என்பாள் லூசெத். மாமியார் நொயெமி சூப்புக் கரண்டியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வீட்டில் ஒரு சுங்கான் இருந்தது. செலஸ்தேனின் அப்பா அந்தெல்ம் தன் கல்யாணத்துக்கென்று தானே கடைந்தது. தெருவில் போகிறவர்கள் பார்க்கவேண்டும் என்று தெற்கு ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் தேவாலயப் பூசைக்குப் போகுமுன் செலஸ்தேன் கிண்ணத்துக்கு மட்டும் மெழுகு தேய்ப்பார். கிண்ணம் பழுத்த செஸ்ட்நட் கொட்டை மாதிரி மின்னும். குழலோ வெயிலைத் தின்று தின்று, கறுப்பு போய், குட்டைத் தண்ணீரின் பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. முகர்ந்தால் கெட்டுப்போன முட்டை. கடைசல்காரர்கள் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து இது. வேறு யாராவது என்றால் இரண்டையும் சேர்த்துத் துடைத்திருப்பார்கள்.

மெர்மே வீட்டுப் பையனுக்குக் கல்யாணமானால், விருந்தில் பாலாடைக்கட்டி வருவதற்கு முன் அப்பா அந்தச் சுங்கானைப் பற்றவைத்து முதல் இழுப்பு இழுக்கவேண்டும். பிறகு மாப்பிள்ளை இழுக்கவேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. பெண் வீட்டார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லூசெத்தின் கணவன் எமில் தன் முறை வந்தபோது அடக்கிக்கொண்டுவிட்டான், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது. பாசத்தில் அழுகிறான் என்று அவள் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது சின்னவன் ஃபெர்னானுக்குக் கல்யாணம். பெண் மொரே ஊர், மூக்குக்கண்ணாடி செய்கிற குடும்பம். கேலி செய்வதற்கென்றே பிறந்தவர்கள். அதனால் ஃபெர்னான் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தான். குழலில் தாத்தாவின் பல் தடம் ஆழமாக இருந்தது, அவர்கள் கண்ணில் பட்டால் அதை வைத்தே ஓட்டுவார்கள். சூடு காட்டினால் தடம் எழும்பும் என்று எங்கோ கேட்டிருக்கிறான். முழுக் குழலையும் கொதிக்கிற உருளைக்கிழங்குப் பானையில் போட்டுவிட்டான்.

பல் தடம் எழும்பத்தான் செய்தது. கூடவே குழலும் நிமிர்ந்துவிட்டது. எபோனைட்டுக்குத் தன் பழைய உருவம் மறக்காது. நேர்க்கம்பியாக இருந்ததை யார் வளைத்திருந்தாலும், சூடு கண்டதும் திரும்ப நேராகிவிடும். அழகாகத் தாழ்ந்து வளைந்திருந்த சுங்கான் இப்போது கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. பாசி நிறமும் மண் நிறமாகிவிட்டது.

ஃபெர்னான் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான். "அண்ணி, அப்பா என்னைக் கொன்னுருவாரு."

லூசெத் வாங்கிப் பார்த்தாள். "கொல்லமாட்டாரு. கல்யாணத்துக்குக் கோழி ஏற்கெனவே வெட்டியாச்சு."

"வெளையாடாதீங்க அண்ணி!"

அதற்குள் செலஸ்தேன் வந்து நின்றார். பார்த்தார். மகனைத் திட்டக்கூட இல்லை. "சனியன், தூக்கிப் போடு. பட்டறையில புதுக் குழல் ஒண்ணு வாங்கிக் கோத்துடறேன். வைக்கோல்தானே."

லூசெத்துக்குச் சுருக்கென்றது. தினமும் தன் கையில் பிறக்கிற பொருளை அப்படிச் சொல்லிச் சொல்லி, இப்போது குப்பைக்கே அனுப்புகிறார்.

"சனிக்கிழமை மேஜைக்கு இதே குழல்தான் வரும் மாமா. வாய்ல வச்சு ரப்பர் ருசி ஒரு துளி தெரிஞ்சாலும் புதுச மாட்டிக்கோங்க. அப்புறம் நானும் வைக்கோல்னே சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும்?"

"எல்லார் முன்னாடியும்."

கிழவருக்கு அது பிடித்திருந்தது. புதுக் குழலொன்றை அளவு பார்த்து, பொருத்தி, கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

லூசெத் அடுப்பங்கரை மேஜையின் மூலையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் உட்புறம். பஞ்சு சுற்றிய கம்பியைக் காட்டமான ஜென்ஷன் வேர்ச் சாராயத்தில் தோய்த்து விட்டு விட்டு எடுத்தாள். தார் மாதிரி வந்தது.

"நல்ல சாராயத்தக் கம்பிக்கா ஊத்துற?" என்று வயிறெரிந்தார் செலஸ்தேன்.

"கம்பி உங்கள மாதிரி பாட்டுப் பாடாது மாமா."

பிறகு குழலைக் கிண்ணத்தில் மாட்டினாள். மாட்டாமல் தேய்த்தால் சேருமிடத்து விளிம்பு மழுங்கிப்போகும். மரத்தில் கீறல் விழாமல் நடுவில் தகர வளையம் ஒன்று. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில் தேய்த்தாள். மஞ்சள் கலந்த பழுப்பு நீர் வழிந்தது, வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அடுப்பில் மறுநாள் விருந்துக்கு மஞ்சள் ஒயினும் காளானும் போட்டுக் கோழி வெந்துகொண்டிருந்தது.

"அடியே, சம்பந்தி வீட்டார் என் கோழி கெட்டுப்போச்சுன்னு நெனைக்கப் போறாங்கடி!" என்று நொயெமி கத்தினாள்.

"ஜன்னலத் திறங்க அத்தை. பாசி போகுதுன்னா நாத்தமும் சேர்ந்துதான் போகும்."

குழல் நிமிர்ந்திருந்ததில் ஒரு நன்மை, வளைவுக்குள் தாள் போகாத இடமே இல்லாமல் போயிற்று. நைஸான தாள், அதைவிட நைஸான தாள், பிறகு ஈரத்துணியில் நுரைக்கல் தூள். கறுப்பு அடியிலிருந்து மெல்ல மேலே வந்தது. உதட்டில் வைக்கும் விளிம்பைத் துடைத்தபோது அவள் கை நின்றது. புகை வரும் வாயை விசிறி மாதிரி விரித்து அராவியிருந்தார்கள். அந்த விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது கைக்காரி அராவினால் அந்தப் பக்கம் சாயாது. பட்டறையில் மூத்த பெண்கள் இன்றும் ஒரு பெயர் சொல்வார்கள். இடது கையால் எல்லாரையும்விடச் சன்னமாக விளிம்பு எடுத்தவள், மெர்மே ஃபிலோமேன்.

"மாமா, உங்க அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்களே, எந்தக் கைக்காரங்க?"

"ஃபிலோமேன் அத்தையா? இடது கை. அறைஞ்சா இந்தக் கன்னம்தான் வீங்கும்." தன் வலது கன்னத்தைத் தடவியவர், அவள் நீட்டிய குழலைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். வெகு நேரம் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். புதுக் குழல் மட்டும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

கடைசியாக வளைவு. துளை நசுங்காமல் உள்ளே கம்பி செருகி, சாராய விளக்கின்மேல் எட்டப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தாள். சற்று நெருங்கினால் கொப்புளம், சற்றுத் தாமதித்தால் கருகல். குழல் விரலுக்கு இணங்கத் தொடங்கியதும் ஒயின் பாட்டிலின் தோள்மேல் வைத்து அழுத்தி, கிண்ணத்தின் வாயும் குழலின் நுனியும் ஒரே மட்டத்தில் வரும்வரை பார்த்து, குளிர்ந்த நீரில் அமிழ்த்தினாள். மறுபடி மெருகு. ஒரு சொட்டு பாரபின் எண்ணெய். ஃபிளானல் துணி.

சனிக்கிழமை, கோழி முடிந்து தட்டுகளை எடுத்தார்கள். செலஸ்தேன் எழுந்தார். பெண்ணின் மாமா, மொரேக்காரர், தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாப் பாக்கணும். சென்-குளோத்காரன் மூஞ்சி கோணுறது தினம் கெடைக்குமா?"

செலஸ்தேன் பற்றவைத்தார். இழுத்தார். லூசெத் மேஜைக்கடியில் எமிலின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிழவர் இன்னொரு முறை இழுத்தார். மூன்றாவதும் இழுத்தார்.

"அப்பா, எனக்கும் மிச்சம் வைங்க" என்றான் ஃபெர்னான்.

"ஒண்ணும் தெரியல" என்றார் செலஸ்தேன்.

"என்ன தெரியல?"

"குழலே தெரியல. வாய்ல ஒண்ணு இருக்குன்னே தெரியல. புகையிலை மட்டும்தான்." லூசெத்தைப் பார்த்துச் சொன்னார். குழல் அராவுகிற பெண்களுக்கு இதைவிடப் பெரிய சொல் கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

ஃபெர்னான் இழுத்து, முகம் மாறாமல், சிரித்துக்கொண்டே புகை விட்டான். செலஸ்தேன் கோப்பையைத் தூக்கினார். "கிண்ணம் எங்கப்பா அந்தெல்ம் கடைஞ்சது. குழல் எங்க அத்தை ஃபிலோமேன் அராவினது. அத உயிரோட மீட்டது எங்க வீட்டு மூத்த மருமக." பிறகு சட்டைப்பையிலிருந்து புதுக் குழலை எடுத்து மொரேக்காரரிடம் நீட்டினார். "இந்தாங்க, பல்லு குத்த வச்சுக்கோங்க. வைக்கோல்தான்."

மேஜை அதிர்ந்தது. சிரிப்பு அடங்குமுன் அவர் சுங்கானை லூசெத்திடம் கொடுத்தார். அவள் குழலைத் துடைத்து, ஃபிளானலில் சுற்றினாள்.

"ஜன்னல்ல மாட்டிடறேன்" என்று கை நீட்டினார்.

"மாட்டக்கூடாது மாமா. வெயில் இதத் திங்கும். இனிமே என் அலமாரி இழுப்பறைலதான், இருட்டுல."

"அப்போ தெருவுல போறவன் எதப் பாப்பான்?"

"வாய்ல வச்சவனுக்குத் தெரிஞ்சா போதும்."

மறுநாள் பூசைக்குப் போகுமுன் செலஸ்தேன் ஆணியைப் பிடுங்கினார். அலமாரிக்கு முன்னால் மெழுகுத் துணியோடு வந்து நின்று, "திற" என்றார். அவர் கிண்ணத்தைத் தேய்க்க, லூசெத் குழலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தடவினாள்.