சந்தனப் பொட்டு வைத்த லென்ஸ்

அன்று மலைமேல் இருந்தவர்கள்: நான், டிரைவர் கண்ணன் அண்ணன், சாமைக் கதிர் அறுத்த கையோடு வந்த ஊர் ஜனங்கள். இல்லாதவர் எங்கள் மேடம். அவர் விழுப்புரத்தில் இருந்தார். போன் போட்டுக் கேட்க மலையில் சிக்னலும் இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஊர் ஊராகப் போகும் அறிவியல் வண்டியில் டெலஸ்கோப் காட்டுவது என் வேலை. கல்வராயன் மலைக்குப் போவது மேடத்துக்கு அரை மனசு. "டீசல் ஜாஸ்தி, கூட்டம் கம்மி. இந்த தடவையும் சரியா வரலன்னா மலைய நிறுத்திடலாம்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அன்று ஆயுத பூஜை. பொழுது சாயும் நேரம், நிலா ஏற்கெனவே மேலே நின்றது. டெலஸ்கோப் மூடியைக் கழற்றினேன். முன் லென்ஸில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம்.

"அண்ணே, இன்னாண்ணே இது?"

"காலைல வண்டிக்குப் போட்டேன், ஸ்பேனருக்குப் போட்டேன். இதுவும் சோறு போடுற சாமான்தான? அத்த மட்டும் வுட்டுட்டா கோச்சிக்காதா?"

"லென்ஸ்லயாண்ணே வைப்பாங்க?"

"மூஞ்சி அதான இருக்குது! சர்ச்சுக்குப் போற வேதக்கார புள்ள, ஒனக்கு இன்னா தெரியும்? தள்ளு, துண்டால ஒரே இழுப்பு இழுத்துடறேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தனம் காய்ந்திருந்தது. துடைத்தால் அந்தப் பொடியே லென்ஸின் பூச்சைக் கீறிவிடும். இருக்கிற ஒரே டெலஸ்கோப் அது. துடைக்காமல் விட்டு நிலா தெரியாமல் போனால், ஜனம் எழுந்து போய்விடும். மலைப் பயணமும் அத்தோடு முடிந்தது.

லென்ஸில் கறை இருந்தால் வெளிச்சம்தான் குறையும், உருவம் முழுதாகவே தெரியும் என்று படித்திருந்தேன். நிலாவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் லென்ஸ் முழுவதும் விழுகிறது. ஆகவே ஒரு பொட்டு நிலாவில் எந்தத் துண்டையும் மறைக்காது. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகத்தில் எழுதியிருப்பது என் கையிலும் அப்படியே நடக்குமா என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

குனிந்து பார்த்தேன். லேசான புகைமூட்டம். அதற்குள் நிலா முழுசாக நின்றது. பொட்டு இல்லை, பட்டை இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. லென்ஸில் எந்த ஒரு நெல்லளவு இடத்தை எடுத்தாலும் அதில் நிலா மொத்தத்தின் வெளிச்சமும் வந்து சேர்கிறது!

ஊர் ஜனங்களில் முதலில் பார்த்தவர் சின்னப்பொண்ணு அக்கா.

"இன்னாப்பா, குழி குழியா கெடக்குது? யாரு தோண்டுனது?"

"வானத்துலேர்ந்து கல்லு வந்து வுழுந்துதுக்கா. நம்ம பூமியிலயும் வுழுந்திச்சி. இங்க மழையும் காத்தும் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சி மூடிடிச்சி."

"அங்க மூடலியா?"

"அங்க காத்தும் இல்ல, மழையும் இல்ல. கோடி கோடி வருசமா வுழுந்தது வுழுந்தபடியே கெடக்குது. மனுசன் நடந்த காலடிகூட அழியலக்கா."

அக்கா கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "நேத்து மழைல சாமையெல்லாம் நனஞ்சிப்போச்சின்னு அந்தத் திட்டு திட்டினேனே" என்றார்.

பின்னால் நின்ற அவர் புருஷன், "நீ மழையவா திட்டின? என்னதான திட்டின" என்றார். வரிசையே சிரித்தது.

"அப்ப அங்க ஒரு புல்லுகூட மொளைக்காதா?" என்று அக்கா மறுபடி குனிந்தார். யாரும் எழுந்து போகவில்லை. பார்த்தவர்களே திரும்பவும் வரிசையில் வந்து நின்றார்கள். வேறெங்காவது உயிர் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதற்கு, விஞ்ஞானிகளுக்கே இன்னும் விடை தெரியாது என்று சொன்னேன். ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. அதை மூச்சாக இழுப்பதே பெரிய காரியமாக எனக்குத் தோன்றியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லென்ஸில் எது பட்டாலும் பதறித் துடைக்காதீர்கள், முதலில் குனிந்து பாருங்கள்.

மறுநாள் மேடத்திடம் நடந்ததைச் சொன்னோம், ஜனம் திரும்பத் திரும்ப வரிசையில் நின்றதையும் சேர்த்து. கண்ணன் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மேடம் லென்ஸைச் சென்னைக்கு அனுப்பிச் சுத்தம் செய்ய வைத்தார். பில் வந்ததும் அடுத்த மலைப் பயணத்தின் செலவில் சேர்த்து எழுதச் சொன்னார். எண்ணூற்று ஐம்பது ரூபாய்.