வெள்ளிக்கிழமைப் பதிவு

மருத்துவமனைப் பதிவு வரிசையில் ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டார். பின்னால் இருந்தவர்கள் அவரை உலுக்கப் போனார்கள். கவுண்டருக்குள் இருந்த அக்கா எழுந்து வந்து, வாயில் விரல் வைத்து அவர்களை அடக்கினார். பெரியவர் கையிலிருந்த படிவத்தை மெல்ல உருவிக்கொண்டு போய், முத்திரை வைத்து, திரும்ப வந்து அவர் சட்டைப் பையில் செருகினார். சலவை அறையிலிருந்து விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நான் அதைப் பார்த்தேன். அதைப் பற்றி அக்கா யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

மற்ற நாளெல்லாம் அவர் முத்திரை குத்துகிற சத்தம் எங்கள் சலவை அறை வரை கேட்கும். அதனால் இடியக்கா என்று பெயர். இருபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலி. அதன் ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருப்பார்.

நாடு முழுவதும் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்று சட்டம் வந்த வருடம், என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். ஒரு திங்கட்கிழமை படிவம் கொடுத்தோம். படிவத்தில் விழுந்த முத்திரையைப் பார்த்தே செவ்வாயும் வியாழனும் அவரை இயந்திரத்தில் படுக்க வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் மேல் அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. காத்திருக்கும் கூடத்து டிவியில் பொழுதுக்கும் அதே பேச்சுதான். வைத்தியம் மாகாணங்களின் அதிகாரம், தலைநகரத்துக்கு இதில் என்ன வேலை என்று ஒருவர் மேசையைத் தட்டினார். உயிர் வாழ்வது உரிமை என்று இன்னொருவர் அவரைவிடப் பலமாகத் தட்டினார்.

"என் கிட்னி யாரு அதிகாரத்துல வருதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கப்பா, அங்கயே போய் மனு குடுத்துடறேன்" என்றார் என் வீட்டுக்காரர். கூடமே சிரித்தது.

வியாழன் மாலை நீதிமன்றம் சட்டத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. அன்றைக்குள் பெயர் பதிவானவர்களுக்கு மட்டும் வைத்தியம் தொடருமாம். நாம்தான் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டோமே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை இயந்திர அறை வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பதிவு வெள்ளிக்கிழமை என்று கம்ப்யூட்டர் காட்டியது.

எங்கள் மருத்துவமனை வழக்கம் அப்படி. கம்ப்யூட்டரில் ஒரு பெயரை ஏற்றக் கால் மணி நேரம் ஆகும், வரிசை நகராது. அதனால் வாரம் முழுக்க வரும் படிவங்களில் முத்திரை மட்டும் குத்தித் தட்டில் சேர்த்து, வெள்ளிக்கிழமை மொத்தமாக ஏற்றுவார்கள். ஏற்றுகிற நாளின் தேதியைக் கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்ளும். அந்த வாரம் தட்டில் கிடந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

இடியக்கா படிவங்களை அள்ளிக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"முத்திரையில தேதி இருக்கு பாருங்க சார்."

"சிஸ்டத்துல இருக்கறதுதாம்மா தேதி."

"வெள்ளிக்கிழமை சேத்து ஏத்துன்னு சொன்னது நீங்கதானே?"

"எழுதிக் குடுத்தேனா?"

எனக்குச் சட்டம் தெரியாது. கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வந்தது அழுகை அல்ல, ஆத்திரம். ஒரு மனுஷன் மூச்சு விடுவதும் விடாததும் ஒரு தட்டில் காகிதம் எத்தனை நாள் கிடந்தது என்பதிலா இருக்கிறது?

நர்ஸுகள் சங்கத்து வக்கீல் அவசர மனு போட்டார். புதன்கிழமை விசாரணைக்கு வந்தது. அதற்குள் என் வீட்டுக்காரருக்குக் கால் இரண்டும் தூணாக வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். நாலு தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்து, பக்கத்தில் என் தங்கையை விட்டுவிட்டு நான் நீதிமன்றம் போனேன்.

சாட்சி சொல்ல ஏறிய அக்காவை எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "வந்த அன்னைக்கே ஏத்தணும்னு விதி இருக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப விதியை மீறினது நீங்க."

"ஆமா. தப்பு இந்தக் கையோடது. அதுக்கு அவங்க எதுக்குய்யா சாகணும்?"

நீதிபதி நாற்பத்து மூன்று படிவத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, முத்திரைத் தேதி செல்லும் என்று சொன்னார். அன்று மதியமே என் வீட்டுக்காரர் இயந்திரத்தில் படுத்தார்.

மறுவாரம் இடியக்காவை வேலையை விட்டு நீக்கினார்கள். விதியை மீறியதாக அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டாராம். சேர்த்து ஏற்றச் சொன்ன கண்காணிப்பாளர் அதே அறையில், அதே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். சட்டத்தின் மேலான பெரிய வழக்கைத் தேதி குறிக்காமல் தள்ளி வைத்துவிட்டார்கள். டிவியில் மேசையைத் தட்டுகிறவர்கள் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருத்தர் கையும் வலிக்கவில்லை.

அக்கா மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்களால உங்க பொழப்பு போச்சேக்கா. சாகற வரைக்கும் உங்களுக்காக வேண்டிக்குவேன்."

அவர் கையை உருவிக்கொண்டார். கோபமாகத்தான் பேசினார்.

"வேண்டிக்கோ, வேண்டாங்கல. ஆனா வெள்ளிக்கிழமை காலையில ஒரு தையக்காரர் வந்தாரு, உன் வீட்டுக்காரருக்கு இருக்கற அதே வியாதி. அவர் படிவம் நாப்பத்தி நாலாவது, அதுல முத்திரையே தடைக்கு மறுநாள்தான். அவரு இன்னும் வாசல்லதான் நிக்கறாரு. என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்காத, போய் அவர் பக்கத்துல நில்லு."