தம்பியின் சிரிப்புக்குக் கீழே ஒரு கவிதை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் தமிழர் சம்பந்தமான காரியம் எதுவானாலும் முதலில் என் வீட்டு மணிதான் அடிக்கும். டெனிஷ் மொழியை வகுப்பில் உட்கார்ந்து அல்ல, நெசவாலை மெஷின் சத்தத்துக்குள் நின்று பிடித்தவன் நான்.

நூலகத்தில் கண்காட்சி வைக்கப் போவதாகவும், எங்கள் ஊர் யுத்தகாலப் படங்கள் வேண்டும் என்றும் கேட்டார்கள். எங்கட ஆக்களிடம் சொன்னேன், சனம் அல்பம் அல்பமாக அள்ளிக்கொண்டு வந்தது. எல்லாம் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, தேவாலயத்தில் முதல் நன்மை. அத்தனை முகத்திலும் பவுடர், சிரிப்பு. பொறுப்பான டெனிஷ் பெண்மணி கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "யுத்தம் எங்கே?" என்றார்.

"இதுதான்" என்றேன். குண்டு விழும்போது கமராவைப் பிடித்துக்கொண்டு நிற்க எங்களுக்கு என்ன விசரா? பதுங்குகுழிக்குள் ஓடினோம். வெளியே வந்ததும் கலியாணம் கட்டினோம்.

நான் கொடுத்தது ஒரே படம், என் தம்பியுடையது. அதை எடுத்த பிறகு ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து அவன் போய்விட்டான். அவனுக்கென்று மிஞ்சியது அந்தப் படம்தான். ஒரு கலியாண வீட்டில் மீந்த பிலிமில் படக்காரர் எடுத்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுகிறான். டைனமோவிலிருந்து வயர், கசெட் போடும் ரேப் ரெக்கோடருக்குப் போகிறது. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. அப்படித்தான் பாட்டுக் கேட்டோம்.

படத்தில் அவனுக்கு வாயெல்லாம் பல். பாடகி உருகி உருகிப் பாடும்போது வேண்டுமென்றே சுற்றைக் குறைப்பான்; அவள் குரல் எருமைக் குரலாகிவிடும். "அறுவானே, ஒழுங்காச் சுத்தடா!" என்று பெண்கள் கத்துவார்கள். அந்த நேரத்தில் எடுத்த படம்.

இதற்குக் கவிதை எழுத எங்கள் சங்கத்துக் கவிஞர் வந்தார். சண்டை தொடங்கும் முன்பே டென்மார்க் வந்து சேர்ந்தவர். ஷெல் சத்தத்தை வானொலியில் மட்டும் கேட்டவர் என்பதால் இன்றுவரை அதை மறக்க முடியாமல் அவதிப்படுகிறார். சக்கரம் கண்ணீரைச் சுழற்றுகிறது, பற்கள் முட்கம்பி என்றெல்லாம் எழுதினார். அதை டெனிஷில் மாற்றி, படத்தின் கீழே பெரிதாக ஒட்டினார்கள்.

"தம்பி, அவன் சிரிக்கிறானப்பா" என்றேன் கவிஞரிடம்.

"அது வெளிச்சிரிப்பு அண்ணை. உள்ளுக்குள்ள அழுறான்."

"அண்டைக்கு அவன்ர உள்ளுக்குள்ள திண்ட புழுக்கொடியலைத் தவிர ஒண்டும் இல்லை."

"உங்களுக்குக் கவிதை விளங்காது."

"என்ர தம்பியை விளங்கும்."

திறப்பு விழாவில் வயலின் அழ, கவிஞர் அதைவிடக் கூட அழுது வாசித்தார். டெனிஷ் அம்மாமார் மூக்கைத் துடைத்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "எவ்வளவு துயரமான முகம்" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரைச் சிரிக்கவைத்து வாழ்ந்தவனை, செத்த பிறகு அழுமூஞ்சி ஆக்கிவிட்டார்கள். அந்தச் சிரிப்பையும் பறித்தால் அவன் இந்த உலகத்தில் இருந்ததற்கு வேறு என்ன சாட்சி?

நேரே மைக்கிடம் போனேன். "அப்பா, வேண்டாம்!" என்று மகள் டெனிஷில் சீறினாள். "இவன் என் தம்பி. இப்படித்தான் செய்வான்" என்று சொல்லி, கையைச் சுற்றியபடி மெல்லிய குரலில் ஒரு பாட்டை எடுத்தேன். எனக்குப் பாடவும் வரும். பிறகு கையை மெதுவாக்கி, குரலை எருமைக்கு இறக்கினேன்.

பின்வரிசையிலிருந்து மன்னார் அக்கா ஒருத்தி, "ஐயோ, எங்கட வீட்டிலயும் ஒரு குரங்கு இதே வேலைதான் செய்தது!" என்று வெடித்தாள். எங்கள் சனம் சிரித்தது. பாட்டு விளங்காத டெனிஷ்காரரும் எருமை விளங்கிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். கவிஞர் மட்டும் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். தம்பிக்குக் கீழே நான் சொல்லிக்கொடுத்த ஒரே வரி: "பாட்டைக் கெடுத்துவிட்டுச் சிரிக்கிறான்." கவிதையை எறிய மனமில்லாமல் பக்கத்திலிருந்த ஒரு மாப்பிள்ளை பெண் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். சக்கரம் எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.