இரண்டு நோன்பு, ஒரு மேசை

ஊரில் எல்லாரும் எங்களை ஜெர்மனிக்குப் போனவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் நாங்கள் குடிவந்தது துருக்கிக்கு. டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் கட்டடம். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு ஜெர்மன்காரரையும் எங்களையும் விட்டால், மற்ற எல்லாக் கதவுகளுக்கு வெளியேயும் துருக்கிச் செருப்புகள். தெருவில் ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, முடிவெட்டும் கடை எல்லாம் அவர்களுடையவை. திருநெல்வேலிப் பக்கம் கோவில் மணிச்சத்தத்தில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண் நான். ஜெர்மன் வகுப்பில் காலை வணக்கம் படிப்பதற்கு முன்பே மாடிப்படியில் சலாம் சொல்லப் பழகிவிட்டேன். எனக்கு இதெல்லாம் பிடித்தும் போயிற்று.

என் கணவர் கம்ப்யூட்டர் வேலைக்குக் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். நானோ வேலை தேடிக்கொண்டிருந்தேன். பகலில் எனக்குப் பேச்சுத்துணை ஒரே ஒருவர்தான், நேர் கீழ்வீட்டு அம்மா. எல்லாரும் அவரைத் தெய்சே என்பார்கள். துருக்கியில் அது சித்தி, பெரியம்மா மாதிரி. அவருடைய அரைகுறை ஜெர்மனையும் என்னுடையதையும் கூட்டினாலும் ஒரு முழு ஜெர்மன் தேறாது. அதை வைத்துக்கொண்டே மாமியார்கள் வரைக்கும் பேசி முடித்துவிட்டோம்.

அந்த வருடம் எங்கள் தவக்காலமான லெந்து நாட்களும் அவர்களுடைய ரமலானும் ஒன்றாக வந்தன. லெந்தில் ஈஸ்டர் வரை நாங்கள் கறி, மீன் தொடமாட்டோம். தலையில் பூவும் கிடையாது. (டுசல்டோர்ஃபில் மல்லிகைப்பூவைத் துறப்பது ரொம்பச் சுலபம்.) ரமலான் தொடங்கியதுமே ஒரு மாலையில் தெய்சே வந்து நின்றார். கையில் சட்டி நிறைய ஆட்டுக்கறி. கத்தரிக்காயை வாட்டி, அதன்மேல் கறியைக் குவித்திருந்தார். நெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்னு சொல்ல மனசு வரல, வாங்கிட்டேன். இப்ப என்ன செய்ய?" என்றேன் கணவரிடம்.

"கீழ கொட்டுனா பாவம். மேல ஜெர்மன்காரர்ட்ட கொடுத்துரு. அவருக்கு ஏது லெந்து?"

கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொரு சட்டி வந்தது. அதுவும் மாடியேறியது. யார் சமைத்தது என்பதையும் நானே பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர் நல்ல மனிதர். சாப்பிட்டதோடு நின்றிருக்கலாம். படியில் தெய்சேயைப் பார்த்து, உங்கள் ஆட்டுக்கறி பிரமாதம் என்று கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டார்.

மறுநாள் என் சலாமுக்குப் பதிலாகக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"அவங்க கை பட்டத நாம திங்கமாட்டோம்னு நினைச்சிட்டாங்க போல. இனி அந்த வீடு அவ்வளவுதான்," என்றார் கணவர்.

அவருக்கு அலுவலகம் இருக்கிறது. எனக்கு அந்த வீடுதான் இருந்தது. செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் இறங்கிப் போய் மணியை அழுத்தினேன். கதவு ஒரு சாண் திறந்தது.

"நாங்களும் நோன்பு!" என்றேன், அது மறுபடி மூடுவதற்குள். "கிறிஸ்தவ நோன்பு. நாற்பது நாள் இறைச்சி கிடையாது. அதனாலதான் மேல கொடுத்தோம்."

தெய்சே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிறிஸ்தவங்களுக்கு நோன்பா? இத்தனை வருஷத்துல ஒரு ஜெர்மன்காரனும் எங்கிட்ட சொன்னதில்லையே."

"நாங்க ஜெர்மன்காரங்க இல்லையே."

"பகல்ல சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேன்."

"தண்ணி?"

"குடிப்பேன்."

"டீ?"

"...பிஸ்கட்டோட."

தெய்சே கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்குப் பேர் நோன்பா மகளே? என் பூனை இதவிட நல்லா நோன்பு இருக்கும்."

எனக்குச் சுருக்கென்று ரோஷம் ஏறியது. "நாளைக்கு உங்ககூட நானும் இருக்கேன். தண்ணிகூட இல்லாம."

"மத்தியானத்துக்குள்ள சுருண்டு விழுவ."

"பாருங்க."

விடியுமுன் எழுந்து தோசை சாப்பிட்டேன். பத்து மணிக்கே நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ஜெர்மன் வகுப்பில் பக்கத்திலிருந்தவள் தண்ணீர் குடித்த சத்தம் எனக்கு அருவியாகக் கேட்டது. கணவர் போனில் கூப்பிட்டார்.

"நம்ம சபையில தெரிஞ்சா உன்னைய பிரசங்கத்துல உதாரணம் சொல்லுவாங்க புள்ள."

"நல்ல உதாரணமாவா, கெட்ட உதாரணமாவா?"

"அது பாஸ்டரோட மூடைப் பொறுத்து. ஏன், தாங்கலியா?"

"யார் சொன்னா?" என்று வைத்துவிட்டேன். உண்மையில் தாங்கவில்லை. ஆனால் அந்தப் பிற்பகலில் ஜெபித்த மாதிரி நான் எந்த லெந்திலும் ஜெபித்ததில்லை. ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் ஆண்டவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

சாயங்காலம் என் கணவரையும் இழுத்துக்கொண்டு நானாகவே நடந்து கீழே போனேன். சுருண்டு விழவில்லை. தெய்சே கதவை முழுசாகத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், கன்னத்தைக் கிள்ளினார். பரீட்சைத் தாள் திருத்தியாயிற்று.

உள்ளே மேசையைச் சுற்றிப் பதினாலு பேர். எள் தூவிய சுடச்சுட ரொட்டி, பேரீச்சம்பழம், செம்பருப்பு சூப், சோறு வைத்துச் சுருட்டிய திராட்சை இலை, தயிர் ஊற்றிய கீரை, எண்ணெயில் வெந்த பீன்ஸ். அந்த மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு துண்டு இறைச்சி இல்லை. தெய்சேயின் வீட்டுக்காரர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"இது என்ன, ஆஸ்பத்திரியா?"

"இன்னைக்கு இந்த வீட்டுல ரெண்டு நோன்பு," என்றார் தெய்சே. "பேசாம உட்காரு."

நான் தெய்சேக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

சூரியன் மறைய இன்னும் சில நிமிடங்கள். தெய்சே என் கணவரைப் பார்த்து, "உங்க ஜெபத்தையும் சொல்லு," என்றார். எனக்குத் திக்கென்றது. இவர் ஜெபம் ஆரம்பித்தால் உலக சமாதானம் வரை போய்த்தான் திரும்புவார். பதினாலு பசித்த முகங்களைக் கண்டதும் இரண்டே வரியில் முடித்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் செய்த மிகச் சிறந்த ஜெபம் அதுதான்.

போனில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்தேன், தண்ணீரைக் குடித்தேன். வாழ்நாளில் அப்படி ஒரு தண்ணீர் குடித்ததில்லை.

தெய்சே என் கிண்ணத்தில் மூன்றாம் முறையாகச் சூப்பை ஊற்றிவிட்டு மேசைக்கே அறிவித்தார்: "வெள்ளிக்கிழமை நோன்பு திறக்கிறது மேல, இவ வீட்டுல. எல்லாரும் வரணும்."

"சரி," என்றேன் உடனே.

என் கணவர் குனிந்து தமிழில் கிசுகிசுத்தார். "நம்மகிட்ட இருக்கதே நாலு நாற்காலி. இத்தன பேர எங்க உட்கார வைப்ப?"

"படிக்கட்டுல," என்றேன். "சாம்பாரு மட்டும் குறையக் கூடாது."