அக்காவின் பச்சைப் பாவாடை

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக் கூட்டியவள் நான்தான். அம்மா நடவுச் சேற்றில் நின்று என்னைப் படிக்க வைத்தாள். சபைக்குப் போக ஆரம்பித்த பிறகு வேதாகமம் வாசிப்பதும் என் வேலையானது. நான் எந்தப் பக்கத்தைத் திறக்கிறேனோ, அன்றைக்குத் தேவன் அம்மாவிடம் பேசியது அவ்வளவுதான்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். நான் தூளியில் கிடந்தபோது, ஏழு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். வருஷத்துக்கு ஒரு புதுப் பாவாடையை மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்து, மூங்கில் பெட்டியில் வைத்துப் படைப்பார்கள். போன வருஷத்துப் பாவாடையை வீட்டுச் சின்னப் பெண் உடுத்திக்கொள்வாள். அப்படி நான் உடுத்தியவை நிறைய. பெட்டியின் அடியில் மட்டும், அக்காவே உடுத்திய பச்சைப் பாவாடை ஒன்று இருந்தது. அவளுக்குப் போட்டோகூடக் கிடையாது.

ஞானஸ்நானம் எடுத்ததும் அம்மா படைப்பதை நிறுத்திவிட்டாள். பெட்டி பரணில் இருந்தது. கல்லூரி விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து வந்தவள், ஒரு காலையில் யூதாவின் ராஜாக்களைப் பற்றி வாசித்தேன். அவர்களில் நல்லவர்கள் சிலர்கூட விக்கிரகங்களை அகற்றிவிட்டு, ஜனங்கள் பலியிட்டுக் கும்பிட்ட மேடைகளை விட்டுவைத்தார்கள். அந்தக் குறையும் அவர்கள் பேரோடு எழுதப்பட்டிருக்கிறது. வாசித்து முடித்துப் பரணைப் பார்த்தேன்.

"அது ஒண்ணுதாம்மா மிச்சம்."

"நான் கும்பிடலையேடி. அது பாட்டுக்குக் கெடக்கு."

"மேடையும் அது பாட்டுக்குத்தான் கெடந்துச்சு. முழு மனசா வரணும்னா எல்லாத்தையும் விடணும்."

தயிர் உறை வாங்க வந்த பக்கத்து வீட்டு அத்தை சிரித்தாள். "ஏண்டி, காலேஜுக்குப் போனது பரீட்சை எழுதவா, பெத்தவளுக்குப் பரீட்சை வைக்கவா?"

"தெரியாம பேசாதீங்க அத்தை" என்றேன்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "பச்சைய மட்டும் வச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்மா."

மறுநாள் அம்மா பெட்டியோடு வாய்க்காலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கரை தொட்டுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைப் பாவாடையை விரித்து, முகர்ந்து, பழைய மடிப்பிலேயே மடித்துத் தண்ணீரில் விட்டாள். அழவில்லை.

"இனிமே தேவன் என்னை அரைகொறைன்னு எழுத மாட்டாருல்ல?"

"மாட்டாரும்மா."

போன மாதம் யாக்கோபைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. மகன் செத்துவிட்டான் என்று நம்பி, அவன் அங்கியைப் பார்த்து அழுத தகப்பன். யார் தேற்றியும் அவன் தேறவில்லை. அந்த அழுகைக்காகத் தேவன் அவனைக் கடிந்துகொண்டதாக எங்கும் இல்லை. பிள்ளையின் துணியை வைத்திருக்கக் கூடாது என்றும் எங்கும் இல்லை. அந்தக் கதை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பெட்டியைப் பற்றிப் பேசிய அன்று அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் கை அப்படியே நின்றது.

"அப்ப வச்சிருந்திருக்கலாமா?"

"வச்சிருந்திருக்கலாம்மா. தப்பு என்னோடது."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள். "அதுல கரை செவப்பா, மஞ்சளா? மறந்தே போச்சுடி. நீயும் பக்கத்துல நின்னியே, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அன்று நான் பாவாடையைப் பார்க்கவில்லை. அம்மா கீழ்ப்படிகிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.